கண்ணுக்கு எட்டும் தூரம்

என் ரேடியோவின் முகப்பில் இரண்டு வரிசை எண்கள். மேல்வரிசை 88-இல் தொடங்கி 108-இல் முடிகிறது. கீழ்வரிசை 530 முதல் 1600 வரை ஓடுகிறது. பார்த்தவுடன் கீழ்வரிசைதான் பெரியது என்று தோன்றும். ஆனால் கீழே எழுதியிருப்பது கிலோஹெர்ட்ஸ், மேலே எழுதியிருப்பது மெகாஹெர்ட்ஸ். பக்கவாட்டுப் பொத்தானை ஏ.எம்.மிலிருந்து எஃப்.எம்.முக்குத் தள்ளும்போது விரல் அரை அங்குலம்கூட நகர்வதில்லை. ரேடியோ தேடும் அலையோ, நொடிக்குப் பத்து லட்சம் முறை அதிர்வதிலிருந்து பத்துக் கோடி முறை அதிர்வதற்குப் போய்விடுகிறது. நூறு மடங்கு.

எதற்கு இந்த நூறு மடங்கு என்று பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்கவில்லை. ஏ.எம்.மில் குரலுக்கு ஏற்ப அலையின் உயரம் கூடிக் குறையும், எஃப்.எம்.மில் உயரம் அப்படியே இருக்கும், அதிர்வின் வேகம் கூடிக் குறையும். இதை எழுதினால் இரண்டு மதிப்பெண். இந்த வரையறையைத் திருப்பித் திருப்பிப் படித்தாலும், ஒன்று கீழே இருக்க வேண்டும், மற்றது மேலே இருக்க வேண்டும் என்பதற்கு அதில் ஒரு சொல்கூட இல்லை.

*

இயற்கை அப்படி எந்தச் சட்டமும் போடவில்லை. சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது. மைசூருக்குத் தெற்கே மண்டகள்ளி விமான நிலையத்தில் இறங்கும் விமானி கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசுவது 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸுக்குள். எஃப்.எம். வரிசை முடியும் 108-ஐத் தாண்டினால் சற்றுத் தொலைவில் இந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. அது எஃப்.எம். அல்ல, ஏ.எம். உலகம் முழுவதும் அப்படித்தான். காரணம் உண்டு. இரண்டு விமானிகள் ஒரே நேரத்தில் வாய் திறந்துவிட்டால் ஏ.எம்.மில் இரண்டும் கலந்து ஒரு சீழ்க்கையாவது கேட்கும். குறுக்கே யாரோ பேசுகிறார்கள் என்று தெரிந்துவிடும். எஃப்.எம்.மில் வலுத்த அலை இளைத்த அலையை முழுங்கிவிடும். முழுங்கப்பட்டவர் பேசியதே யாருக்கும் தெரியாது. வானத்தில் அது உயிர்ப் பிரச்சினை.

பழைய தூர்தர்ஷன் காலத்தில் மொட்டை மாடி ஆன்டெனாவில் படம் ஏ.எம். வழியாகவும் ஒலி எஃப்.எம். வழியாகவும் ஜோடியாக வந்தன. இலங்கை வானொலியின் சிற்றலையும் ஏ.எம்.தான். ஆக, ஏ.எம். எந்த உயரத்துக்கும் போகும், போயிருக்கிறது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: எஃப்.எம். ஏன் கீழே இறங்கி வரவில்லை?

*

இடம் போதாது என்பதுதான் முதல் விடை.

மத்திய அலை என்று நாம் சொல்லும் பகுதி நம் நாட்டில் 531 கிலோஹெர்ட்ஸிலிருந்து 1602 வரை. ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடைவெளி 9 கிலோஹெர்ட்ஸ். கணக்குப் போட்டால் 120 இருக்கைகள். எஃப்.எம். நிலையம் ஒன்று தன் அலையை இந்தப் பக்கம் 75, அந்தப் பக்கம் 75 கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு ஆட்டுகிறது. சத்தத்தின் மேல் சுருதிகளையும் ஓரத்தில் விட வேண்டிய இடைவெளியையும் சேர்த்தால் ஒரு நிலையத்துக்கு 200 கிலோஹெர்ட்ஸ். அதைக் கொண்டுபோய் மத்திய அலையில் உட்கார வைத்தால் மொத்த மத்திய அலைக்கும் ஐந்து நிலையங்கள். ஆறாவதற்கு இடமில்லை. பெங்களூர் ஆகாசவாணியின் 612-ஐ மட்டும் எஃப்.எம். ஆக்கினாலே அது 512 முதல் 712 வரை பரவிவிடும். அந்த எல்லைக்குள் இருக்கும் மற்ற நிலையங்கள் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியதுதான்.

நான் இருக்கும் ஸ்ரீரங்கப்பட்டணம் தீவில், ரங்கநாதர் கோயிலில் ஹைதர் அலி கொடுத்தது என்று சொல்லப்படும் தேர் ஒன்று நிற்கிறது. எவ்வளவு நல்ல தேராக இருந்தாலும் சந்துக்குள் ஓடாது. அதற்கென்று வீதி வேண்டும். 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை 20,000 கிலோஹெர்ட்ஸ். மத்திய அலை மொத்தத்தையும்போல் பதினெட்டு மடங்குக்கு மேல். அங்கே 200 என்பது ஒன்றுமே இல்லை.

இன்னொன்றும் உண்டு. 612-இல் 200 கிலோஹெர்ட்ஸ் என்பது அந்த அலையின் மூன்றில் ஒரு பங்கு. அவ்வளவு அகலமாக விரிந்து சுருங்கும் ஒன்றை வாங்கவும் அனுப்பவும் ஒரு சுருள், ஒரு கண்டென்சர், ஒரு ஆன்டெனா செய்வது பெரும்பாடு. மைசூர் ஆகாசவாணியின் 100.6 மெகாஹெர்ட்ஸில் அதே 200 ஆயிரத்தில் இரண்டு பங்கு. சுருளுக்கு அது ஒரு சிறு தளர்ச்சி, அவ்வளவுதான்.

*

மைசூரில் எனக்குத் தெரிந்த ரேடியோ மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். பூர்வீகம் சேலம் பக்கம். கன்னடம், உருது, தமிழ் மூன்றிலும் ஒரே வேகத்தில் பேசுவார். நான் 'பாய்' என்பேன், அவர் 'சார்' என்பார். போன மழைக்காலத்தில் ரேடியோவின் முதுகைக் கழற்றி வைத்துக்கொண்டு, "சார், இதுல எத்தனை சுத்துன்னு எண்ணுங்க" என்றார்.

கரிய பென்சில்போல் ஒரு ஃபெரைட் கம்பி. அதன்மேல் தலைமுடி கனத்துக்குச் செம்பு இழை, நெருக்கி நெருக்கிச் சுற்றியிருந்தது. எண்ண ஆரம்பித்துக் கண் கூசிவிட்டது. அதுதான் மத்திய அலை.

"இப்ப இதைப் பாருங்க." கேங் கண்டென்சருக்குப் பக்கத்தில் தடித்த கம்பியில் ஒரு சுருள், எந்தத் தாங்கலும் இல்லாமல் பலகையில் நட்டுக்கொண்டு நின்றது. நான்கைந்து சுற்று. அவ்வளவுதான். அது எஃப்.எம். அவர் பிளாஸ்டிக் குச்சியால் அந்தச் சுருளின் இரண்டு சுற்றுகளுக்கு நடுவே லேசாக நெம்பினார். ஓடிக்கொண்டிருந்த கன்னடப் பாட்டு போய்விட்டது. அந்த இடத்தில் வேறொரு நிலையத்தின் விளம்பரம் வந்தது. விட்டதும் பாட்டு திரும்ப வந்தது. மயிரிழை இடைவெளிக்கு ஒரு நிலையம். கீழே மஞ்சள், வெள்ளை, கறுப்பு மூடி போட்ட சின்ன டப்பாக்கள் வரிசையாக இருந்தன. அவை, ஏ.எம். அலையைப் பெட்டி உள்ளே மாற்றிக்கொள்ளும் 455 கிலோஹெர்ட்ஸுக்கு. எஃப்.எம்.முக்கு 10.7 மெகாஹெர்ட்ஸ் ஃபில்டர் தனி. ஒரே பெட்டிக்குள் இரண்டு தனிக் குடும்பம், ஸ்பீக்கர் மட்டும் பொது.

"மேல போகப் போக எல்லாம் சின்னதாயிடும் சார். ஆனா கை நடுங்கக் கூடாது," என்றார் பாய். பாடப் புத்தகம் இரண்டு அத்தியாயத்தில் சொல்வதை அவர் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார். உயர் அதிர்வெண்ணில் அலை நீளம் குறைவு. 612 கிலோஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் 490 மீட்டர். 100.6 மெகாஹெர்ட்ஸ் அலை மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவு. மத்திய அலை நிலையத்தில் நூறு மீட்டருக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் கம்பமே ஆன்டெனா. பீங்கான் காப்பின்மேல் அதை நிறுத்தி, காலடியில் சுற்றிலும் செம்புக் கம்பிகளை மண்ணுக்குள் புதைத்திருப்பார்கள். எஃப்.எம். நிலையத்தில் கோபுரம் வெறும் தாங்கிதான். ஒலிபரப்புவது உச்சியில் மாட்டியிருக்கும் ஆள் உயரத்துக்குள் அடங்கும் கம்பிகள். கைபேசியில் காதில் மாட்டும் ஒயரே எஃப்.எம். ஆன்டெனா ஆகிவிடுவது இதனால்தான்.

*

1935-ஆம் ஆண்டை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஆண்டு செப்டம்பர் 10-ஆம் தேதி, மைசூர் மகாராஜா கல்லூரியின் மனோதத்துவப் பேராசிரியர் எம்.வி. கோபாலசுவாமி, ஒண்டிக்கொப்பலில் இருந்த தன் வீட்டிலிருந்தே ஒலிபரப்பைத் தொடங்கினார். 30 வாட் டிரான்ஸ்மிட்டர். நிலையத்துக்கு ஆகாசவாணி என்று பெயர். தேசத்து வானொலிக்கெல்லாம் அந்தப் பெயர் வந்தது பின்னால். ஒரு மனிதர் தன் வீட்டையே நிலையமாக்கியிருக்கிறார். பிறகு மைசூர் அரசு அதை ஏற்றுக்கொண்டது. 1955-இல் நிலையம் பெங்களூருக்குப் போயிற்று. மைசூருக்கு மறுபடி ஒரு நிலையம் கிடைத்தது 1974-இல்.

அதே 1935, நவம்பர் 5. நியூயார்க்கில் வானொலிப் பொறியாளர்களின் கூட்டம். எட்வின் ஹோவர்ட் ஆர்ம்ஸ்ட்ராங் கட்டுரை வாசிக்கிறார். வாசித்துவிட்டு, யாங்கர்ஸ் என்ற பக்கத்து ஊரில் நண்பர் ஒருவர் வீட்டிலிருந்து வரும் ஒலிபரப்பைக் கூட்டத்துக்குக் கேட்க வைக்கிறார். அங்கே ஒருவர் டம்ளரில் தண்ணீர் ஊற்றினார், காகிதத்தைக் கசக்கினார். இங்கே தண்ணீர் தண்ணீராகவும் காகிதம் காகிதமாகவும் கேட்டன. அதுவரை ரேடியோவில் இந்த இரண்டும் ஒரே கரகரப்பாகத்தான் கேட்கும். அலையின் நீளம் இரண்டரை மீட்டர். நம் இப்போதைய எஃப்.எம். வரிசைக்கு அடுத்த வீடு.

மைசூருக்கும் நியூயார்க்குக்கும் இடையே 56 நாள்.

ஆர்ம்ஸ்ட்ராங் செய்தது அன்றைய பொறியாளர் புத்திக்கு எதிரான வேலை. எஃப்.எம். என்ற யோசனை பழையது. அலையை மிகக் கொஞ்சமாக ஆட்டினால் நிலையங்களை நெருக்கி வைக்கலாம், இடம் மிச்சமாகும் என்று பலர் நினைத்திருந்தார்கள். 1922-இல் ஜான் கார்சன் என்ற கணிதக்காரர் அது நடக்காது என்று நிரூபித்துவிட்டார். அவர் கணக்கு சரி. எஃப்.எம். ஏ.எம்.மைவிடக் குறைந்த இடத்தில் ஒருபோதும் அடங்காது. எல்லோரும் அத்தோடு விட்டுவிட்டார்கள். ஆர்ம்ஸ்ட்ராங் மட்டும், சுருக்க முடியாவிட்டால் விரித்துப் பார்ப்போம் என்று போனார். விரித்தபோது இரைச்சல் அடங்கியது.

ஏன் அடங்கியது என்பது அழகான விஷயம். மின்னல், மோட்டார், பிளக்கில் பறக்கும் பொறி எல்லாம் அலையின் உயரத்தைத்தான் கெடுக்கின்றன. ஏ.எம்.மில் செய்தியும் அதே உயரத்தில் ஏறி வருகிறது. அழுக்கையும் குரலையும் பிரிக்க வழியில்லை. எஃப்.எம்.மில் செய்தி உயரத்தில் இல்லை. ஆகவே வந்து சேர்ந்த அலையின் தலையை ஒரே மட்டமாகச் சீவி எறிந்துவிடலாம். சீவியதோடு இரைச்சலின் பெரும்பகுதி போய்விடும். அலை எவ்வளவு அகலமாக ஆடுகிறதோ, மிச்சமிருக்கும் இரைச்சல் அந்த ஆட்டத்தின் முன்னால் அவ்வளவு சிறிதாகும். அமைதிக்கு விலை அகலம். அகலத்துக்கு விலை உயரம்.

ஒரு சிறு நியாயமும் சொல்ல வேண்டும். எஃப்.எம்.மின் அமைதிக்கு முழுப் புகழையும் எஃப்.எம்.முக்கே கொடுப்பது சரியல்ல. வானத்து மின்னல் ஒரு மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் போடும் கூச்சல், நூறு மெகாஹெர்ட்ஸில் தேய்ந்துவிடுகிறது. ஏ.எம்.மை அங்கே கொண்டுபோய் வைத்தாலும் இப்போதைவிட நன்றாகக் கேட்கும். விளம்பரக்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

*

88–108 என்ற எண்களும் ஒரே நாளில் வானத்திலிருந்து விழவில்லை. அமெரிக்காவில் எஃப்.எம். முதலில் 42 முதல் 50 மெகாஹெர்ட்ஸில் நடந்தது. 1945-இல் அரசு அதை இன்றைய இடத்துக்கு மாற்றியது. கீழே இருந்தால் மேல் வளிமண்டலம் சில காலங்களில் அலையைத் திருப்பி அனுப்பித் தொலைதூர நிலையங்கள் குறுக்கிடும் என்பது சொன்ன காரணம். மக்கள் வாங்கிவைத்திருந்த லட்சக்கணக்கான பெட்டிகள் ஊமையாயின. காப்புரிமை வழக்குகளிலேயே தேய்ந்துபோன ஆர்ம்ஸ்ட்ராங் 1954 ஜனவரியில் உயிரை மாய்த்துக்கொண்டார். மீதி வழக்குகளை அவர் மனைவி மரியன் நடத்தி வென்றார்.

ஜப்பான் தன் எஃப்.எம். வரிசையை 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கியது. அங்கிருந்து பழைய கார்களை இறக்கும் இலங்கையில் இந்த வம்பு எல்லோருக்கும் தெரியும்: கார் ரேடியோ 90-க்கு மேல் போகாது, கொழும்பு நிலையங்கள் கேட்க வேண்டுமானால் தனியாக ஒரு சாதனம் மாட்ட வேண்டும். எவ்வளவு உயரம் வேண்டும் என்பதை இயற்பியல் உத்தேசமாகச் சொல்கிறது. எந்த எண்ணில் என்பதை மனிதர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள்.

இந்தியாவில் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977 ஜூலை 23, சென்னையில்.

*

காவிரியின் மூன்று ரங்கங்களில் இந்த ஊர் ஆதிரங்கம். நடுவில் சிவனசமுத்திரம். கடைசி, ஸ்ரீரங்கம். நீர் இங்கிருந்து அங்கே போகிறது. ராத்திரியில் ரேடியோ அங்கிருந்து இங்கே வரும்.

திருச்சி வானொலி, 936 கிலோஹெர்ட்ஸ். பகலில் இந்த ஊரில் அந்த எண்ணில் வெறும் இரைச்சல். நேர்கோட்டில் சுமார் 280 கிலோமீட்டர். தரையோடு ஊர்ந்து வரும் அலை கிழக்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். வானத்துக்குப் போகும் பங்கை 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் சூரியன் உண்டாக்கிய ஓர் அயனிப் படலம் உறிஞ்சிவிடும். பொழுது சாய்ந்ததும் அந்தப் படலம் கலைகிறது. அதற்கும் மேலே இருக்கும் படலங்கள் அலையை வளைத்துக் கீழே அனுப்புகின்றன. திருச்சியில் பேசியவர் வானத்தைத் தொட்டுவிட்டு இங்கே வருகிறார்.

வந்தவர் ஒழுங்காகவும் இருக்க மாட்டார். குரல் மெல்ல எழும், பிறகு குழியில் விழும், நடுவில் ஒரு கணம் தொண்டை கட்டியதுபோல் ஆகும். வானத்தில் இரண்டு மூன்று வழியில் வந்தவை ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. எஃப்.எம். கீழே இறங்காததற்கு இன்னொரு காரணம் இங்கே இருக்கிறது. இப்படிப் பல வழியில் வந்து சேரும்போது அகலமான அலையின் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு விதமாகக் கெடும். ஏ.எம். இளைத்துத் தேறும், எஃப்.எம். உருத்தெரியாமல் குலைந்துவிடும். அதற்கு வானத்தில் திரும்பி வராத அலையே பாதுகாப்பு. நூறு மெகாஹெர்ட்ஸில் அலை அந்தப் படலங்களைத் துளைத்துக்கொண்டு போயே போய்விடுகிறது.

மைசூர் பாணி வீணையைத் தொரெசுவாமி ஐயங்கார் வாசிக்க, மத்திய அலையில் கேட்டு வளர்ந்த தலைமுறை ஒன்று உண்டு. மத்திய அலையில் 9 கிலோஹெர்ட்ஸ் இடத்துக்குள் ஒலியின் மேல் சுருதிகளுக்கு இடமில்லை. நான்கரை, ஐந்து கிலோஹெர்ட்ஸோடு வெட்டுப்படும். எஃப்.எம்.மில் பதினைந்து வரை போகும். மீட்டில் நகம் தந்தியைத் தொடும் அந்தக் கூர்மை அவர்களுக்குப் பெரும்பாலும் வந்து சேரவில்லை. ஆனாலும் அவர்கள் கேட்ட வீணையில் ஒரு குறையும் இல்லை என்றே சொல்வார்கள். நான் வாதாடுவதில்லை.

*

எங்கள் ஊர்க் கோட்டையின் மேற்கு முனையில் நின்றால் ஆறு இரண்டாகப் பிரிவது தெரியும். 1799 மே 4-ஆம் தேதி ஆங்கிலேயப் படை அந்தப் பக்கத்தில்தான் ஆற்றைக் கடந்தது. அந்தப் படையில் வில்லியம் லாம்டன் என்ற அதிகாரி இருந்தார். முற்றுகைக்கு முன்னால் ஓர் இரவு, படை திசை தப்பிப் போவதை நட்சத்திரத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தவர் என்று சொல்வார்கள். திப்பு வீழ்ந்த பிறகு, இந்தத் தீபகற்பத்தைக் குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும் என்று அவர் கேட்டார். 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு போட்டு வேலையைத் தொடங்கினார்.

ரேடியோவுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? அவர் தொழிலும் எஃப்.எம்.மின் தொழிலும் ஒன்று. ஓர் உச்சியிலிருந்து இன்னோர் உச்சி கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அளவு இல்லை. மைசூர்ச் சீமையில் குன்றுகளுக்குப் பஞ்சமில்லை. காவிரி டெல்டாவில் இறங்கியதும் எல்லாம் மட்டம், போதாததற்குத் தென்னை. வேறு வழியில்லாமல் கோபுரங்களின்மேல் ஏறினார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் எடையுள்ள தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி கோபுரத்தில் மோதி நசுங்கியது. வாரக்கணக்கில் கூடாரத்தில் உட்கார்ந்து தட்டித் தட்டி நேராக்கினார்.

பூமியின் வளைவையும் கழிக்க வேண்டும், காற்றில் ஒளி சற்றே வளைவதையும் கழிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். எஃப்.எம். பொறியாளர்கள் இன்றும் இந்த இரண்டையும்தான் கணக்கில் எடுக்கிறார்கள். நூறு மீட்டர் உயரத்திலிருந்து கண் 36 கிலோமீட்டர் பார்க்கும். ரேடியோ அலை ஒளியைவிடக் கொஞ்சம் அதிகமாக வளைவதால் 41 கிலோமீட்டர் போகும். உயரத்தை நான்கு மடங்கு ஆக்கினால்தான் தூரம் இரண்டு மடங்கு. கொடைக்கானல் எஃப்.எம். மதுரை, தேனி, திண்டுக்கல் எல்லாம் கேட்பதன் ரகசியம் டிரான்ஸ்மிட்டரின் சக்தியைவிட மலை. 2,000 மீட்டருக்கு மேல் நின்று பேசினால் கணக்குப்படி 180 கிலோமீட்டர் கண்பார்வையில் விழும்.

நம் தீவிலிருந்து மைசூர் பதினைந்து கிலோமீட்டர். எஃப்.எம்.முக்கு அது பக்கத்து வீடு. கிழக்கே கரிகட்டக் குன்றின் சரிவுக்குப் பின்னால் போனால் குரல் மெலியும். ஏறி உச்சிக்கு வந்தால் தெளியும்.

*

தூரம் போகாதது குறையா?

சென்னை, பெங்களூர், கோயம்புத்தூர், மதுரை நான்கு ஊரிலும் 98.3 என்ற ஒரே எண்ணில் தனியார் நிலையம் இருக்கிறது. நான்கும் ஒன்றையொன்று தொடுவதில்லை. சென்னையிலிருந்து பெங்களூருக்குக் காரில் கிளம்பினால் ஓரிடத்தில் சென்னைக் குரல் தேய்ந்து, இரைச்சலாகி, பிறகு சட்டென்று பெங்களூர்க் குரல் வந்து உட்கார்ந்துகொள்ளும். நடுவில் கலந்தடிக்காது. 936-ஐத் திருச்சிக்குக் கொடுத்தால் அதே எண்ணைப் பக்கத்து மாநிலத்துக்குக் கொடுக்கத் தயங்க வேண்டும். ராத்திரி ஆனால் ஒன்று மற்றொன்றின் மேல் ஏறிவிடும். எஃப்.எம். அடிவானத்தோடு நின்றுவிடுவதால்தான் ஊருக்கு ஊர் நிலையம் வைக்க முடிந்தது. அடிவானத்தைத் தாண்ட முடியாமை அதன் மிகப் பெரிய வசதி.

ஆனால் அப்படி நின்றுவிட்ட பிறகு, அக்கரையில் என்ன பாடுகிறார்கள் என்பது தற்செயலாகக் காதில் விழுவது போய்விட்டது. தேடாமலே ஒரு சிங்களப் பாட்டு, ஒரு தெலுங்குச் செய்தி, யாரோ ஒருவர் விவசாயிகளுக்கு உரம் பற்றிச் சொல்வது என்று முள்ளைத் திருகும்போது வழியில் கிடைத்தவை. எஃப்.எம்.மில் நம் ஊர் கிடைக்கிறது, சுத்தமாக. அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேட்கும்போது ஒரு சின்ன அலுப்பு மட்டும் வருகிறது.

*

மத்திய அலையைக் கொன்றது எஃப்.எம். என்று பொதுவாகச் சொல்கிறார்கள். பாதி உண்மை. மீதிப் பாதியை நம் வீடுகள் செய்தன. எல்.இ.டி. பல்பு, கைபேசி சார்ஜர், இன்வெர்ட்டர், வைஃபை பெட்டியின் அடாப்டர், எல்லாமே மத்திய அலைப் பகுதியில் சதா முனகிக்கொண்டிருக்கின்றன. கோட்டைக்குள்ளேயே ரயில் பாதை போகிறது. மின்சார எஞ்சின் கடக்கும்போது 612-இல் வரும் பெங்களூர் செய்தி சில நொடிகள் கரகரப்பில் மூழ்கி எழுகிறது. எஃப்.எம்.மில் அதே ரயில் போனதே தெரியாது. ஆகாசவாணியும் மத்திய அலை டிரான்ஸ்மிட்டர்களைப் பல இடங்களில் நிறுத்திவிட்டது. மின்சாரச் செலவு பெரிது, கேட்பவர்கள் குறைவு என்றால் வாதாட ஆளில்லை. ஆனால் ஒற்றைக் கம்பத்திலிருந்து பல மாவட்டங்களுக்கு, செல்போன் கோபுரம் எதுவும் இல்லாமல், இரண்டு பேட்டரி போட்ட பெட்டிக்குக் குரல் கொண்டுபோகும் வேலையை இன்னும் வேறெதுவும் அந்த அளவு எளிதாகச் செய்யவில்லை. புயல் அடிக்கும் கரையோர மாவட்டங்களிலாவது அவற்றை விட்டுவைப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

வீட்டில் பழைய ரேடியோ இருந்தால் காயலான் கடைக்குப் போடாதீர்கள். தெரு முழுவதும் கரண்ட் போன ஒரு ராத்திரி, எட்டு மணிக்கு மேல், பேட்டரி போட்டு மத்திய அலைக்குத் திருப்புங்கள். இன்வெர்ட்டரையும் அணைத்துவிடுங்கள். முள்ளை மெதுவாக நகர்த்துங்கள். குரல் ஒன்று அரைகுறையாகக் கிடைத்தால் முள்ளைத் தொடாதீர்கள். பெட்டியையே மேஜைமேல் வைத்தபடி கால்வட்டம் திருப்பிப் பாருங்கள். உள்ளே இருக்கும் ஃபெரைட் கம்பிக்குத் திசை தெரியும். எஃப்.எம்.முக்கு நீட்டும் ஏரியலை இதற்கு இழுக்க வேண்டாம், அது மத்திய அலையில் ஒன்றும் செய்யாது.